அந்த 133 யாருடைய தோல்வி?

கேள்வி: அமெரிக்க பேஸ்பால் பிட்சர் (பந்து எறிபவர்) எட்வின் ஜாக்சன், அங்கே உச்ச லீகான மேஜர் லீகில் 14 அணிகளுக்கு ஆடியதைச் சாதனை என்கிறார்கள். அவர் கணக்கில் 107 வெற்றி, 133 தோல்வி. எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாமல் தள்ளிவிட்ட ஒருவரைச் சாதனையாளர் என்று சொல்லலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: அணிகள் இருக்கட்டும். அந்த 133-க்கு முதலில் வருகிறேன். பிட்சரின் பெயருக்கு எதிரே வெற்றி தோல்வி எழுதும் வழக்கத்தை இந்தப் பக்கத்தில் பல முறை கண்டித்திருக்கிறேன். மறுத்து எழுதும் வாசகர்களும் சளைக்கவில்லை, நானும் சளைப்பதாக இல்லை.

கிரிக்கெட்டில் தோற்பது அணி. பவுலரின் கணக்கில் ஏறுவது ரன்னும் விக்கெட்டும்தான். பேஸ்பாலில் அணியின் தோல்வியை ஒரு பிட்சரின் தலையில் எழுதியே ஆக வேண்டும். எதிரணி எந்த ரன்னால் முந்தி, பிறகு கடைசிவரை முன்னிலையை இழக்காமல் இருந்ததோ, அந்த ரன்னுக்குப் பொறுப்பானவர் தோற்றவர். அவர் விட்டுச் சென்ற எதிரணி ஆள் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலையில்) நிற்கிறார், அடுத்து வந்த பிட்சர் அடி வாங்குகிறார், ஆள் ஓடி வந்துவிடுகிறார் என்றால், அந்த ரன் முன்னவர் கணக்கில்தான் சேரும். ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டு வந்த ரன்னாலும் தோல்வி வரும். வெற்றிக்கோ, ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் எறிய வேண்டும், தன் அணி முன்னிலையில் இருக்கும்போது வெளியேற வேண்டும். சக ஆட்டக்காரர்கள் ரன் எடுக்காவிட்டால் அவர் எப்படி எறிந்தும் பயனில்லை.

1964 ஏப்ரலில் ஹூஸ்டனின் கென் ஜான்சன் முழு ஆட்டமான 9 இன்னிங்ஸில் ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்து பேஸை எட்டுவது) கொடுக்கவில்லை. 1-0 என்று தோற்றார். பீட் ரோஸ் தட்டிவிட்ட பந்தை அவரே கோணலாக எறிந்தார், பிறகு ஒரு ஃபீல்டர் கோட்டைவிட்டார், ரோஸ் வந்துவிட்டார். 1959-இல் பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹேடிக்ஸ் 12 இன்னிங்ஸுக்கு ஒருவரைக்கூட பேஸ் ஏற விடவில்லை. 13-ஆவதில் தோற்றார். 1987-இல் நோலன் ரயன் தன் லீகிலேயே சிறந்த இ.ஆர்.ஏ. (ஃபீல்டர் பிழையால் வந்தவை போக, 9 இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி, குறைந்தால் நல்லது; அவருடையது 2.76), அதிக ஸ்ட்ரைக்-அவுட் (பேட்டரை எறிந்தே அவுட் ஆக்குவது; 270) இரண்டையும் வைத்திருந்தார். அவருக்கு எழுதப்பட்டது 8 வெற்றி, 16 தோல்வி. 2018-இல் ஜேக்கப் டிகிராம் 1.70 இ.ஆர்.ஏ. வைத்தும் வெற்றி 10-தான். அந்த ஆண்டு சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை அவருக்கே கொடுத்தார்கள். வாக்களித்தவர்களுக்கு விவரம் தெரிந்திருந்தது.

ஜாக்சனை இவர்களோடு நிறுத்தவில்லை. அவருடைய இ.ஆர்.ஏ. 4.78, சராசரியைவிட மோசம்தான். அவர் பந்தில் வேகம் உண்டு, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். நல்ல ஸ்லைடரும் (கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) உண்டு. குறை கட்டுப்பாட்டில். நான்கு பந்து அடிக்கத்தக்க எல்லைக்கு வெளியே போனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடுவார். அதைவிட, அந்த நடை பந்துகளைத் தின்றுவிடும். ஐந்தாவது இன்னிங்ஸிலேயே 100 பந்து ஆகிவிட்டால் பயிற்சியாளர் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு வந்து பந்தை வாங்கிக்கொள்வார். மீதி நான்கு இன்னிங்ஸ் ரிலீவர்கள் (மாற்று பிட்சர்கள்) தலையில் விழும், அடுத்த நாள் அவர்கள் களைத்திருப்பார்கள்.

2010 ஜூன் 25-இல் இந்தக் குறையும் நிறையும் ஒரே ஆட்டத்தில் தெரிந்தன. அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான டாம்பா பே-க்கு எதிராக எறிந்தார். முதல் மூன்று இன்னிங்ஸில் 7 பேரை நடக்கவிட்டார். மூன்றாவதில் ஒருவரும் அவுட் ஆகாமலே மூன்று பேஸும் நிரம்பின. ரன் வரவில்லை. 149 பந்து எறிந்து, மொத்தம் 8 பேரை நடக்கவிட்டு, ஹிட்டே கொடுக்காமல் 1-0 என்று முடித்தார். ஆடம் லரோஷ் அடித்த ஒரு ஹோம் ரன்தான் அணியின் ஒரே ரன். அது இல்லாவிட்டால் ஆட்டம் எங்கே போய் முடிந்திருக்குமோ!

இனி ‘தள்ளிவிட்ட’ கதை. அந்த ஆட்டம் முடிந்து ஐந்தே வாரத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் இரண்டு இளம் பிட்சர்களைக் கொடுத்து அவரை வாங்கியது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் டெட்ராய்ட்டிலிருந்து அரிசோனா போன மூன்று அணிப் பரிமாற்றத்தில் எதிர்த்திசையில் போனவர் மேக்ஸ் ஷெர்ஸர், பின்னாளில் மூன்று சை யங் வாங்கியவர். 2011 ஜூலை 27-இல் ஒரே நாளில் சிகாகோவிலிருந்து டொராண்டோ, அங்கிருந்து செயின்ட் லூயிஸ். மூன்று மாதத்தில் செயின்ட் லூயிஸ் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. அன்று டொராண்டோ சட்டையை அணியாமலே போனவர், 2019-இல் அதே டொராண்டோ பணம் கொடுத்து வாங்கியபோதுதான் 14-ஆவது அணியை எட்டினார்.

ஏன் வாங்கினார்கள்? பருவத்துக்கு 162 ஆட்டம். தொடக்க பிட்சர்கள் ஐந்து பேர், முறை வைத்து எறிந்தால் ஆளுக்கு 32 ஆட்டம். முழங்கை நாரும் தோளும் இதைத் தாங்குவது அரிது. நார் கிழிந்து அறுவை செய்தால் திரும்பி வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். ஜாக்சன் 2007 முதல் 2013 வரை ஏழு பருவமும் 30-க்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொடங்கினார். ஐந்தாவது நாள் மேட்டில் வந்து நிற்பார் என்று நம்பக்கூடிய கைக்கு எல்லா ஊரிலும் விலை உண்டு. 18 ஆட்டம் தோற்ற 2013-இலும் சிகாகோ கப்ஸ் அவரை முறை தவறாமல் எறியவிட்டது. வேறு ஆளை எறியவிட்டிருந்தால் அந்தத் தோல்விகள் இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கும், அவ்வளவுதான். 34 வயதில் ஓக்லண்டுக்கு வந்து 17 ஆட்டம் தொடங்கி 3.33 இ.ஆர்.ஏ. வைத்தார். தள்ளிவிடப்பட்டவர் எறிகிற எறியா அது?

ஊர் ஊராகப் போகும் பிட்சர்களில் உண்மையாகவே தள்ளிவிடப்பட்டவர்கள் வேறு. 1980-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு மேஜர் லீகில் 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத்தில் பங்கு உண்டு. அதற்கு முன் நான்கு ஆண்டு சேவை வேண்டும். மேஜர் லீகுக்கும் கீழ் லீகுகளுக்குமாக மாறி மாறி அனுப்பப்பட்டு, மூன்றரை ஆண்டோடு நின்றவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்களுக்குப் புதிய விதி பின்னோக்கிப் பொருந்தவில்லை. 2011-இல்தான் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டாலர் என்று ஒரு தொகை ஏற்பாடானது. 2022-இல் அது 11,500 ஆனது. வரி போகத்தான் கையில் வரும். ஆள் இறந்தால் மனைவிக்கு அது தொடராது. கோடிக்கணக்கான டாலர் புரளும் லீகும் வீரர்கள் சங்கமும் அவர்களை முழு ஓய்வூதியத்தில் சேர்த்திருக்க வேண்டும். இன்றும் சேர்க்கலாம், உயிரோடு இருப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வருகிறார்கள்.