கூரையைப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் பினாங்கில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைப் பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஹோலி ரோசரி கோயிலில் இருப்பதுபோல் கூர்வளைவுகள் இல்லை. தூண்களோடு கிரேக்கக் கோயில்போல நிற்கிறது. இது என்ன பாணி? இங்கிலாந்திலிருந்து அப்படியே இறக்கிய கட்டடத்தில் தமிழனுக்கு என்ன இருக்கிறது? படங்கள் இணைத்துள்ளேன்.

(கட்டடக்கலை மாணவர், கோலாலம்பூர்)

அன்புள்ள தம்பி,

பாணியின் பெயர் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். ஹோலி ரோசரி கோதிக், இது கிரேக்க டோரிக் தூண்கள். அதை விடுங்கள். பதினோரு படம் அனுப்பியிருக்கிறீர்கள், கட்டடக்கலை படிக்கிற பிள்ளை, ஒன்றிலாவது கூரை இருக்கிறதா? தூணோடு நின்றுவிட்டால் எப்படி?

இங்கிலாந்திலிருந்து இறக்கியது என்று யார் சொன்னது? இதைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனி இஞ்சினியர் கேப்டன் ராபர்ட் ஸ்மித்துக்கு முன்மாதிரி மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் பேராலயம். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் 1818-இல் இது எழுந்தது. அப்போது கூரையும் தட்டையாகத்தான் இருந்தது. 1864-இல்தான் இந்தச் சரிவுக் கூரை வந்தது. ஊர் மழைக்குத் தட்டைக் கூரை ஒத்துவரவில்லை.

ஏன் ஒத்துவரவில்லை என்பது எனக்கு வீட்டிலேயே தெரியும். அப்பா கொத்தனார். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுப்படிக்கு மேல் தட்டையாகத் தளம் போட்டார், ஊரில் தாத்தா வீட்டு மொட்டைமாடி நினைப்பில். அந்த மாடி தேக்குக் கட்டைமேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, நாள்கணக்கில் பலகையால் தட்டி இறுக்கியது. இரண்டு மழைக்கு நடுவே நன்றாகக் காய்ந்தால்தான் அது நிற்கும். பினாங்கில் எங்கே காய்கிறது? முதல் அக்டோபரிலேயே கூரையில் காசளவு பழுப்பு வட்டம் தெரிந்தது. அம்மா மாவுச் சட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வாளியை வைத்தாள். வெயில் எட்டிப் பார்த்ததும் அப்பா மேலேறி விரிசலில் சிமெண்ட் பூசுவார். பூச்சு இறுகுமுன் அடுத்த மழை. "வேலையில குத்தமில்லடா, காய விடமாட்டேங்குது" என்பார். மூன்றாம் வருஷம் மரச்சட்டம் கட்டித் தகரம் ஏற்றினார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

1864-இல் தேவாலயக் கூரை மாறிய கதை எனக்குத் தெரிந்தபோது அப்பா இல்லை. கம்பெனிப் படையின் இஞ்சினியர் போட்ட தளத்துக்கும் இதே கதிதான் அப்பா என்று சொல்லியிருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

தமிழனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மெட்ராஸ் இருக்கிறது தம்பி, மழையில் நனைந்த மெட்ராஸ். புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் திருத்தலத்துக்கும் போங்கள். 2002-இல் கட்டிய புதுக்கோயிலுக்கு மினாங்கபாவ் கூரை, சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் போடுகிற, நுனி கொம்புபோல் மேலெழும் சரிவுக் கூரை. இந்த மழையை ஆண்டாண்டாகப் பார்த்தவர்களின் கூரை அது.

அடுத்த முறை பினாங்கு வரும்போது மழை பிடித்தால் காருக்குள் ஓடாதீர்கள். ஃபார்க்குவார் தெருவில் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து எழுதுங்கள்.