யாழ்ப்பாணத்து வீட்டுக் கொட்டிலில் வைத்து எம்.ஜி. மிட்ஜெற் ஒன்றைத் திருத்தி ஓட்ட முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இது: வெளிநாட்டில் குடியேறிவிட்ட பெரியப்பா கோண்டாவில் வீட்டில் விட்டுச்சென்ற 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற் காரை, கராச்சில் கொண்டுபோய் ஒப்படைக்காமல் வீட்டிலேயே திருத்திப் பராமரிக்க முடியுமா? அல்லது அயலவர்கள் சொல்வதுபோல யப்பானிய எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிடுவது நல்லதா?

முடியும் என்பதே என் பதில். இதே வகைக் கார் ஒன்றை நெடுங்காலமாக என் வீட்டிலும் வைத்திருப்பதால் இதைச் சொல்லத் துணிகிறேன். யப்பானிய எஞ்சின் தேவையில்லை. ஆனால் எல்லோரும் ஆசையோடு முதலில் கைவைக்கும் இடம் எஞ்சின்தான். அதை நீங்கள் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும். முதலில் பிறேக், அடுத்து ஸ்ரியறிங், அதன்பின் துரு, பிறகே எஞ்சின். வண்டி ஓடாவிட்டால் வீட்டில் நிற்கும், அவ்வளவுதான். நிற்க மறுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மிட்ஜெற் பார்வைக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கார்; அடியில் படுத்துப் பார்த்தால் நம் தெருக்களில் ஓடிய குடும்பக் கார்களின் இனசனமே அங்கே இருக்கிறது. 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்றின் உடன்பிறப்பாக 1961இல் இது வந்தது. விலை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வேண்டும் என்பதற்காக, பிரிட்டிஷ் மோட்டார் கோப்பறேஷன் தன்னிடம் ஏற்கெனவே இருந்த பாகங்களையே எடுத்துப் பயன்படுத்தியது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35 வழியில் வந்தது; ஸ்ரியறிங் றாக் மொறிஸ் மைனருடையது; உங்கள் வண்டியிலுள்ள 1098 சி.சி. ஏ-சீரிஸ் எஞ்சின், 1962க்குப் பிந்திய மைனரில் இருப்பதன் நெருங்கிய உறவு. ஆகவே மைனரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், மிட்ஜெற்றைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றே கொள்ளுங்கள். இதே முறையில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ55, ஏ60 கார்களில் பழகியவருக்கு மிட்ஜெற்றைவிடப் பெரிய ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி.யின் எஞ்சின் அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் பி-சீரிஸ் குடும்பம்.

பாகம் தேடும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் ‘ஏ40’ என்று கேட்டால் பலருக்கும் நினைவுக்கு வருவது உருண்ட உடல்கொண்ட சோமர்செற். அதன் 1200 சி.சி. எஞ்சின் வேறு வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து உங்களுக்கு எதுவும் பொருந்தாது. 1958இல் வந்த ஏ40 பரீனாதான் ஏ-சீரிஸ் எஞ்சின் பூட்டியது. மைனரிலிருந்து எடுக்கும்போதும் எல்லாம் ஒன்றல்ல. தண்ணீர்ப் பம்ப், பொயின்ற் (பிளக்குக்கான மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கும் தொடுமுனை), ஒயில் பில்ரர், பல காஸ்கற்றுகள் ஆகியவற்றில் பெரும்பாலும் சிக்கல் வராது. ஆனால் மிட்ஜெற்றின் ஹெட்டும் காம் ஷாப்ற்றும் கூடுதல் வலுவுக்காக மாற்றப்பட்டவை. கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடலாம். அங்கேயும் இல்லாதவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினரின் பெட்டியில் பிறேக் றபர் தொகுதியும் பொயின்ற்றும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் றோட்டர் ஆமும் தாராளமாக இடம்பிடிக்கும். புதிதாகச் செய்யப்படும் றோட்டர் ஆம்களில் நடுவே ரிவெற் உள்ள மலிவு வகை சூட்டில் மின்சாரத்தைக் கசியவிட்டு வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிடும். ரிவெற் இல்லாத வகையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் இருக்கக்கூடிய மில்லிமீற்றர் ஸ்பனர்களை ஒதுக்கி வையுங்கள். இந்த வண்டியின் நட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவு. அரை அங்குல நட்டுக்குப் 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போடலாம் என்று தோன்றும். 12.7 என்ற அளவில் அது ஒருமுறை கழற்றும், அடுத்த முறை மூலைகளை மழுக்கிவிடும். 7/16, 1/2, 9/16, 3/4 அங்குல ஸ்பனர்கள் நான்கும் நல்ல தரத்தில் இருந்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். காபரேற்றரிலும் சில மின் பாகங்களிலும் வேறு பழைய பிரித்தானியப் புரிகள் உண்டு என்பதால், அங்கே கழற்றும் ஆணிகளை அந்தந்த இடத்திலேயே திரும்பப் போட்டு வையுங்கள்.

இனிப் பிறேக். உங்கள் வண்டியில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே வார்ப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள் இருக்கும். ஆனால் நான்கு சில்லுகளுக்கும் போவது ஒரே ஒரு சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளிலும் பிறேக் போய்விடும், மிஞ்சுவது கைப்பிறேக் மட்டுமே. எனவே பல ஆண்டுகள் நின்ற வண்டியில் ‘மிதித்துப் பார்த்தேன், பிடிக்கிறது’ என்பது போதிய சோதனை ஆகாது. மூன்று றபர்க் குழாய்களையும் (முன்னே இரண்டு, பின்னே ஒன்று) கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். இரும்புக் குழாய்களை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தோல் உரிந்து பள்ளம் தெரிந்தால் செப்பு-நிக்கல் குழாய் போடுங்கள். மாஸ்ரர் சிலிண்டரையும் சில்லுச் சிலிண்டர்களையும் திறந்து உட்சுவரை விரலால் தடவும்போது சொரசொரப்பு உணரப்பட்டால், புது றபர் போட்டாலும் சில மாதங்களில் கசியும். சிலிண்டரையே மாற்றுவதுதான் சிக்கனம். முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரின் பிஸ்ரன்கள் துருவேறி இறுகியிருப்பது வழமை.

பிறேக் ஒயில் டொற் 4 வகையாக இருக்கட்டும். எஞ்சின் ஒயிலோ மெஷின் எண்ணெயோ ஒரு துளி கலந்தாலும் றபர்கள் ஊதிப் பெருத்துவிடும் என்பதால், ஊற்றும் புனலைக்கூடத் தனியாக வையுங்கள். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. கடலும் ஏரியும் சூழ்ந்த நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதையும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புவது இங்கே சலுகையற்ற விதி. பின் டிரம்களைச் சரிசெய்யும் சதுரத் தலை ஆணி பின்தட்டில் இருக்கும். சில்லு பிடிக்கும்வரை முறுக்கி, பிறகு சுதந்திரமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும்.

ஸ்ரியறிங்கில் கவனிக்க வேண்டியது கிங்பின், அதாவது முன் சில்லு இடம்வலமாகத் திரும்பும் அச்சாணி. கிறீஸ் நிப்பிள்கள் உள்ள வண்டிகள் இப்போது அரிதாகிவிட்டதால், பெரும்பாலான சேர்விஸ் நிலையங்களில் அவற்றைத் தேடிக்கூடப் பார்ப்பதில்லை. அடிக்கடி, சொல்லப்போனால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, முன் சில்லை ஜாக்கியால் தூக்கிப் பாரம் நீங்கிய நிலையில் கிறீஸ் அடியுங்கள். சில்லு நிலத்தில் அழுந்தி நிற்கும்போது அடித்தால் கிறீஸ் போகவேண்டிய பக்கத்துக்குப் போகாது.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மிட்ஜெற்றைக் கொல்வது எஞ்சின் கோளாறு அல்ல, துருவே. இதற்குத் தனியான சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் பெட்டிப் பகுதிதான் மேற்கூரை இல்லாத இந்த வண்டியை நடுவில் மடங்காமல் தாங்கி நிற்கிறது. கதவைத் திறந்து மூடும்போது அது பின்தூணில் உரசினாலோ, கதவு இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்று தெரிந்தாலோ, சில் உள்ளே தின்னப்பட்டுவிட்டது என்று பொருள். பின் ஸ்பிறிங் பொருந்தும் இடங்களையும் முன்தூணின் அடியையும் சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புக் கலந்த தூசியும், வாடைக்காலத்தில் ஈரமும் மாறிமாறி வரும் இந்த மண்ணில், பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவிவிடுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதைவிடக் கழுவாமல் விடுவது மேல். கதவின் அடியிலும் சில் பெட்டியின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். வண்டியை மூடும் தார்ப்பாய் காற்றோட்டமில்லாத பிளாஸ்ரிக்காக இருந்தால் அது உள்ளே வியர்த்து, மழையைவிடக் கூடுதலான கேட்டைச் செய்யும். ஓலைக் கொட்டிலே போதும்.

தண்ணீர் என்றவுடன் றேடியேற்றரும் நினைவுக்கு வருகிறது. நம் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழியிலும் படியும். நின்ற வண்டியில் எஞ்சின் புளொக்கின் பக்கத்திலுள்ள வடிகால் குழாயைத் திறந்தால் ஒரு துளியும் வராது. உள்ளே சேறு கட்டியிருக்கும். அதைத் தோண்டியெடுத்து, இரு திசைகளிலும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய பிறகு, காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் கலந்து நிரப்புங்கள். வெயிலுக்காக என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் இங்கே உண்டு. அடைபட்ட றேடியேற்றரின் குற்றத்தைத் தெர்மோஸ்ரற்றின் தலையில் கட்டுவதாகவே அது எனக்குப் படுகிறது.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் பெரியப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்த வண்டி ஓடியதா, அல்லது நின்றதா? பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலில் ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின என்பதை உங்கள் தலைமுறை கேள்விப்பட்டிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலோடு கலந்து, பெயாரிங்குகளையும் பிஸ்ரன் றிங்குகளையும் தேய்த்தது. அப்படி ஓடியிருந்தால் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கொம்பிறெஷன் சோதனையை முதலில் செய்யுங்கள். எவ்வளவு வருகிறது என்பதைவிட நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். நின்ற வண்டியானால், பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, இரண்டொரு நாள் ஊறவைத்து, கையால் சுழற்றுங்கள். ராங்கிலுள்ள பழைய பெற்றோலை முற்றாக வெளியேற்றுங்கள். 20டபிள்யூ-50 ஒயில் சுமார் 3.7 லீற்றர் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்ராட்டரைச் சுழற்றி, ஒயில் அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே ஸ்ராட் செய்ய முயலுங்கள். பின்பக்கத்தில் சிறிது ஒயில் சொட்டுவது இந்த எஞ்சினின் பிறவிக்குணம். அதற்காக எஞ்சினை இறக்க வேண்டாம்.

ரியூனிங்கில் வரிசை முக்கியம்: வால்வு, பொயின்ற், ரைமிங் (பிளக் பொறி தட்டும் நேரம்), கடைசியாகக் காபரேற்றர். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம். எந்த வால்வைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு ஒன்பதுக் கணக்கு உதவும். எட்டாவது வால்வு முழுமையாகத் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் அளவிடுங்கள். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம், எரியூட்டும் ஒழுங்கு 1-3-4-2.

இரட்டை எஸ்.யு. காபரேற்றர்களைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் பலர். உண்மையில் இவ்வளவு எளிமையான காபரேற்றரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இரண்டையும் இணைக்கும் தண்டைத் தளர்த்தி, மெல்லிய றபர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று நுழையும் வாயிலும் வைத்து, இரண்டிலும் சீறல் ஒரே அளவாகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு கலவை. காபரேற்றருக்குள் இருக்கும் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்தும்போது எஞ்சின் ஒருகணம் வேகமெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. வேகம் கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி நின்றுவிட்டால் பெற்றோல் குறைவு. காபரேற்றரின் மேலே உள்ள சிறு உருளையில் ஒயில் வற்றியிருந்தால் திடீரென வேகமெடுக்கும்போது வண்டி விக்கும். அங்கே சில துளி ஒயில் விடுவதோடு வேலை முடிந்துவிடுகிறது.

மின் இணைப்பில் உங்கள் வண்டி பொசிற்றிவ் ஏர்த். பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். பற்றரி கடைப் பையன் பழக்கத்தில் மாற்றிப் பூட்டாதபடி பற்றரிப் பெட்டியில் சிவப்பு மையால் பெரிதாக எழுதி வையுங்கள். அணில் கடித்த வயர்களையும் ஒருமுறை தேடுங்கள்.

யப்பானிய எஞ்சின் யோசனையில், ஓட்டத்துக்கு அது வசதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினோடு கியர்பொக்ஸ், புறொப்பெல்லர் ஷாப்ற், தாங்கிகள் எல்லாம் மாறும்; உடலை வெட்ட வேண்டிவரும்; பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேண்டும். இவ்வளவுக்குச் செலவிடும் பணத்தில் இருக்கும் எஞ்சினைப் புதிதாக்கிவிடலாம்.

வெளியே கொடுக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. கிறாங் ஷாப்ற் கடைதலையும் சிலிண்டர் போறிங்கையும் லேத் பட்டறைக்குக் கொடுங்கள். இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டதால், ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வரும்போது எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையங்களையும் போட்டுவிடச் சொல்லுங்கள். அதற்காகவென்றே இப்போது கழற்ற வேண்டாம். ஒக்ரேன் 95 கிடைத்தால் அதையே அடியுங்கள், 92 மட்டும் கிடைத்தால் ஏற்றத்தில் முட்டுச் சத்தம் கேட்காத அளவுக்கு ரைமிங்கைச் சற்றுப் பிந்த வையுங்கள். சில் மாற்றும் வெல்டிங் வேலையைக் கொடுப்பதானால், வெட்டத் தொடங்குவதற்கு முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் ஒட்டி உடலை நிலைநிறுத்துகிறாரா என்று கேளுங்கள். அது தேவையில்லை என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.