பிரமிள்: கவிஞரா, விமர்சகரா?

கேள்வி: நல்ல கவிஞர் ஒருவர் விமர்சனத்தில் இறங்கினால் அவருடைய கவிதை கெட்டுப்போகும் என்று சொல்கிறார்கள். பிரமிள் விடயத்தில் அது உண்மையா? அவரைக் கவிஞராக நினைவில் வைப்பதா, விமர்சகராகவா?

கவிஞராகத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விமர்சனம் அவருடைய கவிதையைக் கெடுத்தது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே ஒரு கண்டிப்பான விமர்சகர் இருந்து, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டதால்தான் அந்தக் கவிதைகள் அவ்வளவு சுருக்கமாகவும் கூர்மையாகவும் வந்திருக்கின்றன.

நான் முல்லைத்தீவுப் பக்கம் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கொக்கிளாய்க் களப்புக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை, அது திருகோணமலை மாவட்டம். பிரமிள் 1939 ஏப்ரல் 20ஆம் திகதி பிறந்தது அந்தத் திருகோணமலையில். கிட்டத்தட்ட எங்கள் பக்கத்து ஊர்க்காரர். ஆனாலும் வன்னியில் கவிதை வாசிக்கிற பொடியன்களிடம் கேட்டால், பலர் அவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியா போனவர் அங்கேயே இருந்து, 1997 ஜனவரி 6ஆம் திகதி வேலூருக்குப் பக்கத்தில் கரடிக்குடியில் காலமானார். 1984இல் நுஃமானும் யேசுராசாவும் சேர்ந்து தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலிலும் அவர் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் மனத்தாங்கல்தான், தொகுப்பு நல்ல தொகுப்பு என்றாலும்.

சரி, கவிஞரும் விமர்சகரும் எப்படி ஒரே ஆளுக்குள் வந்தார்கள்? அதற்கு அவர் எழுத வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். சி. சு. செல்லப்பா சென்னையில் ‘எழுத்து’ என்ற சிற்றிதழைத் தொடங்கியது 1959 ஜனவரியில். அடுத்த வருடமே திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற பெயரில் இருபது வயது தாண்டிய ஓர் இளைஞர் அதில் எழுத ஆரம்பித்துவிட்டார், அவர்தான் பிரமிள். கவிதையும் அனுப்பினார், கட்டுரையும் அனுப்பினார். யாப்பில்லாமல் எழுதுவது கவிதையே இல்லை என்று படித்தவர்கள் பலரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 1962இல் செல்லப்பா 24 பேருடைய 63 கவிதைகளைச் சேர்த்து ‘புதுக்குரல்கள்’ என்று நூலாகப் போட்டபோதும் அந்தச் சண்டை ஓய்ந்திருக்கவில்லை. ஆக, புதுக்கவிதை எழுதுகிறவர் எழுதிவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது. இது கவிதைதான், இன்ன காரணத்தால் கவிதை என்று வாதாடவும் வேண்டியிருந்தது. விமர்சனம் அவருக்குப் பின்னால் வந்த இன்னொரு தொழில் இல்லை. இரண்டும் ஒரே நாளில் தொடங்கிய வேலை.

ஆங்கிலத்தில் இதற்கு எல்லோரும் காட்டுகிற ஆள் ரி. எஸ். எலியட். தன் விமர்சனத்தில் நல்லவை எல்லாம் தன்னுடைய கவிதைப் பட்டறையிலிருந்து பக்கவிளைவாக வந்தவை என்று அவர் 1956இல் ஓர் உரையில் சொன்னார். பிரமிளுக்கும் அது பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. எலியட்டுக்கு முதலில் வங்கி வேலை இருந்தது, பிறகு பதிப்பகப் பதவி இருந்தது, அவர் சொன்னால் கேட்பதற்கு ஓர் உலகமே இருந்தது. பிரமிளுக்குச் சிற்றிதழ்ப் பக்கங்களைத் தவிர வேறு மேடை இல்லை.

‘விடிவு’ என்று ஒரு சின்னக் கவிதை. விடியலைப் பூமியின் தோலில் வந்த அழகுத் தேமல் என்கிறார். பிறகு கதிர்கள் விரியும் பூ என்கிறார், இருளின் சிறகைத் தின்னும் கிருமி என்கிறார், வெளிச்சத்தின் சிறகில் மிதக்கும் குருவி என்கிறார். இங்கே ‘போல’ என்ற சொல்லே வராது. விடியல் இதைப் போல இருக்கிறது என்று சொல்லாமல், இதுதான் விடியல் என்று ஒவ்வொன்றாக முன்னால் வைத்துவிட்டு விலகிவிடுகிறார். இணைப்புச் சொல் இல்லை, விளக்கம் இல்லை, ஆகா ஓகோ இல்லை. தேமலையும் கிருமியையும் விடியலுக்குப் பக்கத்தில் கொண்டுவர எத்தனை பேருக்குத் துணிவு வரும்? விடியல் என்றதும் நம்பிக்கை, விடுதலை, புதுயுகம் என்று ஓடுகிற பழக்கம் எங்களிடம் நிறையவே இருக்கிறது. இங்கே வன்னியில் ஒரு காலம் முழுக்க விடியலைப் பற்றி மேடைகளில் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லில் ஒட்டியிருந்த பூச்சையெல்லாம் சுரண்டிவிட்டு, வானத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று என்னைப் பார்க்க வைத்தது இந்தக் கவிதைதான். ஒரு தேய்ந்த சொல்லை எடுத்து, இதை இப்படிச் சொல்லாதே, திரும்பப் பார் என்று சொல்வது விமர்சகரின் வேலை. அதை அவர் கட்டுரை எழுதாமலே இங்கே செய்துவிட்டார்.

‘மின்னல்’ கவிதையிலும் இதே முறைதான். ஆகாயப் பறவையின் அலகு, கடவுள் ஊன்றும் செங்கோல் என்று வெட்டி வெட்டிப் போகும். இன்னொரு பக்கம் ‘காவியம்’ இருக்கிறது. ஆறே வரி. சிறகிலிருந்து கழன்ற ஓர் இறகு, அது காற்றில் எழுதிக்கொண்டு போகும் ஒரு பறவையின் வாழ்வு. முன்னைய கவிதைகளில் படிமங்கள், அதாவது மனக்கண்ணில் தெரியும் சொற்சித்திரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இதில் ஒன்றே ஒன்று, அதுவே போதுமாக இருக்கிறது. தன்னிடம் குவிந்து கிடப்பதில் எதை வைப்பது எதை விடுவது என்று கறாராகத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவரால்தான் இப்படி நிறுத்த முடியும்.

வகுப்பில் நான் அதிகம் எடுத்துப் பேசுவது ‘வண்ணத்துப் பூச்சியும் கடலும்’. பாடத்திட்டத்துக்காக இல்லை, பிள்ளைகளோடு பேசுவதற்காக. கடற்கரைத் தோட்டத்தில் தேன் குடித்துத் திரிந்த வண்ணத்துப் பூச்சி, காற்று புரட்ட, கரையை விட்டுக் கடலை நோக்கிப் பறக்கிறது. ஓயாமல் மலர்கின்ற, எல்லையில்லாத ஒரு பூவில் போய் அமர்கிறது. முதல் கணம் கடல் உவர்க்கிறது. அடுத்து அதுவே தேனாய்த் தித்திக்கிறது. அவ்வளவுதான் கவிதை.

வாசித்து முடித்ததும் கரையோர ஊரிலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: “சேர், அது செத்துப்போச்சு, என்ன?”

“கவிதையில செத்ததெண்டு இருக்கோ?”

“இல்லை சேர். ஆனா கடலில விழுந்தது செத்துத்தானே போகும். எங்கட கடல் தித்திக்காது.”

வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. 2004 டிசம்பரும் 2009 மே மாதமும் இந்தக் கரைக்கு என்ன செய்தன என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிறகு பின்வாங்கில் இருந்த ஒருவன், “முதல் கணம் உவர்த்ததெண்டும் இருக்குத்தானே சேர், அதை ஏன் விடுறம்?” என்றான்.

பிரமிள் கேட்கிற வாசிப்பு அதுதான் என்று எனக்குப் பட்டது. இந்தக் கவிதையை எடுத்த எடுப்பில் ஆன்மா, பரம்பொருள், முக்தி என்று பொருள் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தியில் பிரமிளுக்கு இருந்த ஈடுபாட்டை அதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அப்படி வாசித்தால் உவர்ப்பு காணாமல் போய்விடும். இனிப்பை விட்டுவிட்டுச் சாவை மட்டும் பிடித்துக்கொண்டாலும் கவிதை போய்விடும். இரண்டையும் நாக்கில் வைத்திருக்கச் சொல்கிறது அது. அந்தப் பிள்ளை சொன்னதை நான் மறுக்கவில்லை. அவள் கடலை அறிந்து சொன்னாள். அந்த இரண்டு பேரும் பேசியது எந்த உரைநூலையும் விட எனக்கு உதவியது.

இனி விமர்சகர். அவருடைய விமர்சனத்தில் எனக்கு மேலானதாகப் படுவது சிறுகதை எழுத்தாளர் மௌனியின் கதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரை. புதுமைப்பித்தன் மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைகளுக்குள் இறங்கி, அங்கே மொழி என்ன செய்கிறது என்று பார்க்கத் திருகோணமலையிலிருந்து ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. இலங்கையில் அப்போது கைலாசபதியும் சிவத்தம்பியும் மார்க்சியப் பார்வையில் விமர்சனத்தைப் பெரிய அளவில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படைப்பு எந்தச் சமூகத்திலிருந்து வருகிறது, யார் பக்கம் நிற்கிறது என்ற அவர்களுடைய கேள்வி தேவையான கேள்வி. இங்கே வாழ்கிறவனுக்கு அது எவ்வளவு தேவை என்று தெரியும். ஆனால் அந்த அளவுகோலால் மௌனியை அளக்க முடியாது, ‘காவியம்’ கவிதையையும் அளக்க முடியாது. முதலில் அது கலையாக நிற்கிறதா என்று கேள், மற்றக் கேள்விகள் பிறகு என்று பிடிவாதமாக நின்றவர் பிரமிள். அவர் அப்படி நின்றதால் எங்களுக்கு இரண்டாவது அளவுகோல் ஒன்று கிடைத்தது.

அவருடைய சண்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் நெருக்கமாக இருந்த விமர்சகர் வெங்கட் சாமிநாதனோடு பிறகு கடுமையாக மோதினார். ‘வானம்பாடி’ இதழைச் சார்ந்த முற்போக்குக் கவிஞர்களின் மேடைக் குரலைக் கிழித்தார். ‘விமர்சன ஊழல்கள்’ என்றே ஒரு நூல் இருக்கிறது. அதில் பல பக்கங்கள் ஆளைத் தாக்குகிற பக்கங்கள்தான், இன்றைக்கு வாசிக்கிறவருக்கு அவற்றால் பயன் குறைவு. விமர்சனம் கவிஞரைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவை அவருடைய நேரத்தைத் தின்றன, நண்பர்களைத் தூரமாக்கின. ஆனால் அந்தக் கசப்பு அவருடைய நல்ல கவிதைகளுக்குள் போகவில்லை. அங்கே யாரையும் வெல்வதற்காக ஒரு வரி கூட இல்லை.

1983இல் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, 1984இல் ‘ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை’ என்ற நூலை எழுதினார். படிமக் கவிஞர், உள்முகமாகவே பார்ப்பவர், நாட்டு நடப்பு தெரியாதவர் என்று அவரை ஒதுக்குகிறவர்கள் அந்தத் தலைப்பையாவது ஒரு தரம் பார்க்க வேண்டும். ஒரு சிறுபான்மையை அழிக்கப் புறப்படும் தேசம் தன்னையே அழித்துக்கொள்கிறது என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். இதுவும் படிமம்தான்.

புதிதாக வாசிக்கத் தொடங்குகிறீர்கள் என்றால் விமர்சன நூல்களில் தொடங்காதீர்கள். ‘மின்னல்’, ‘விடிவு’, ‘காவியம்’ மூன்றையும் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் மௌனியின் ‘அழியாச்சுடர்’ கதையை வாசித்துவிட்டு, பிரமிளின் முன்னுரைக்குப் போங்கள். நீண்ட கவிதையான ‘கண்ணாடியுள்ளிருந்து’ கடினமானது, அதைக் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம். கால சுப்ரமணியம் பல வருட உழைப்பில் அவருடைய எழுத்துகளைத் தேடித் தொகுத்திருக்கிறார். இந்திய நூல்கள் எங்கள் பக்கம் வந்து சேர நாளாகும், விலையும் கூட. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ புத்தகக் கண்காட்சி நடந்தால் முதலில் கவிதைத் தொகுதியைத் தேடி வாங்குங்கள். காசு மிஞ்சினால் கட்டுரைகளை எடுக்கலாம்.