டி.சி. கேட்டு எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், ஆட்டிசம் இருக்கிறது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். ஆனால் மார்த்தாண்டத்திலிருந்து குளச்சல் வரை பஸ் நிற்கும் ஊர்களை வரிசை மாறாமல் சொல்வான். தனியார் பள்ளியில், 'சிறப்பு ஆசிரியர் இல்லை, டி.சி. வாங்கி சிறப்புப் பள்ளியில் சேருங்கள்' என்கிறார்கள். என்ன செய்ய?
- ஒரு அம்மா, கருங்கல்

பதில்: முதல் காரியம் அம்மா, அவர்கள் நீட்டும் வெள்ளைத்தாளில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் பள்ளிதான் அனுப்பியது என்பதற்கு ஆதாரமே இருக்காது. நான் சிறப்பு ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ தாய்மார் அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு அப்புறம் வந்து அழுதிருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஆனால் நம் மாவட்டத்தில் சிறுபான்மை நிர்வாகப் பள்ளிகள் நிறைய, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி அந்தச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது. பயப்பட வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது: பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான வசதியைச் செய்துதர வேண்டும். சிறப்புப் பள்ளியா பக்கத்துப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை 31-வது பிரிவு 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள பிள்ளைக்குத் தருகிறது, பள்ளிக்கு அல்ல.

ஆள் இல்லை, பணம் இல்லை என்பது பழைய சாக்கு. அமெரிக்காவில் 1972-லேயே வாஷிங்டன் நகரப் பள்ளிகள் இதைச் சொன்னபோது, பணம் போதாவிட்டாலும் அந்தச் சுமையை இந்தக் குழந்தைகள் தலையில் கூடுதலாக ஏற்றக் கூடாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இங்கேயும் 2021-ல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று கணக்கே சொல்லியிருக்கிறது.

சரி, நாளைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள். மகனை மணிக்குத் தள்ளி உட்கார வையுங்கள், மணி அடிக்கும் முன் ஆசிரியர் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று கேளுங்கள். இரண்டுக்கும் காசு ஆகாது. நகலில் பள்ளி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரையும் போய்ப் பாருங்கள்.

கேள்வி: போலியோ பாதித்த என் தம்பியை 1982-ல் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சட்டமே இல்லையா?
- வாசகர், தக்கலை

பதில்: இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்க 1974-லேயே மத்திய அரசின் திட்டம் ஒன்று இருந்தது, ஆனால் அது திட்டம்தான், உரிமை என்று போய்க் கேட்க முடியாது. 18 வயதுவரை இலவசக் கல்வி என்று சட்டம் வந்தது 1995-ல். அதிலும் ஏழு வகைக் குறைபாடுகள்தான், ஆட்டிசம் கிடையாது. 2016-ல்தான் அது 21 வகையாகி, கருங்கல் பையனுக்கும் அதில் இடம் கிடைத்தது. உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம். அவருக்கு இன்னும் படிக்க ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள், தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத மேல் வயது வரம்பு கிடையாது.