மிச்சிகனின் ஹாலண்டு டச்சுக்காரர்கள் கட்டிய ஊராமே, நம் குடும்பம் அங்கே ஒட்ட முடியுமா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு: உங்கள் கணவருக்கு ஹாலண்டில் வேலை கிடைத்திருக்கிறது, பெண் எட்டாம் வகுப்பு, ஊர்க்காரர்கள் வெளியாட்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பயப்படுகிறீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பதில் சொன்ன ஒருவர், "அது டூரிஸ்ட்டுக்காகப் போட்ட சினிமா செட், டெட்ராய்ட் பக்கமே வேலை தேடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என் பெண் வளர்ந்ததே இந்த ஊரில்தான்.

செட் என்கிறாரே, அந்த ஊர் எப்படி உருவானது என்று அவருக்குத் தெரியுமா? 1840களில் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு நோய் வந்து ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். அரசு ஆதரித்த சபையிலிருந்து 1834இல் பிரிந்து போனவர்களுக்கு அபராதம், சிறை என்று தொல்லை வேறு. அப்படிப் பிரிந்தவர்களில் ஒருவரான பாதிரியார் ஆல்பெர்ட்டஸ் வான் ரால்ட்டே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு 1846இல் கப்பல் ஏறினார். விஸ்கான்சின் போவதாகத்தான் திட்டம். குளிர்காலம் வந்து டெட்ராய்டில் தங்க வேண்டியதாயிற்று, மிச்சிகன் ஆட்கள் பேசி இங்கே திருப்பிவிட்டார்கள். 1847 பிப்ரவரியில், இன்று மக்கடாவா ஏரி என்கிற பிளாக் லேக் கரையில் வந்து நின்றார்கள். சுற்றிலும் காடு, சதுப்பு, கொசு. முதல் கோடையிலேயே மலேரியாவும் வயிற்றுப்போக்கும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. மிச்சிகன் ஏரிக்குப் படகு போக வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் தாங்களே மண்வெட்டியைத் தூக்கினார்கள். 1867இல் நகரம் என்ற அந்தஸ்து கிடைத்தது. நாலே வருஷம், 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்த அதே நாளில் இந்த ஊரும் எரிந்து பெரும்பகுதி சாம்பலானது. மறுபடி கட்டினார்கள்.

இதை எழுதும்போதே ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும். "வெறுங்காட்டிலா கட்டினார்கள்? அங்கே பூர்வகுடிகள் இல்லையா?" இருந்தார்கள். ஒடாவா மக்களுக்கு அங்கே ஒரு குடியிருப்பு, ஒரு மிஷன் பள்ளி, விளைநிலம் எல்லாம் இருந்தது. டச்சுக்காரர்கள் வந்து இரண்டே வருஷத்தில், 1849இல், அவர்கள் வடக்கே போய்விட்டார்கள். ஊரைப் பெருமையாகச் சொல்கிற யாரும் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இரண்டாவது விஷயம், அவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் என்று நினைக்காதீர்கள். சண்டை போடுவதில் நம் ஊர் அறங்காவலர் குழுவெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். வந்து பத்தே வருஷத்தில், 1857இல், சபை இரண்டாகப் பிளந்தது. 1880களில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் இருப்பவர்களைச் சபையில் வைத்துக்கொள்ளலாமா என்று இன்னொரு பெரிய தகராறு. வான் ரால்ட்டே காலத்தில், 1856இல் கட்டிய தூண்கள் வைத்த கோயில் (பில்லர் சர்ச்) ஒரு தரப்பின் கையிலிருந்து இன்னொரு தரப்பின் கைக்குப் போனது. அதே கோயிலை 2012இல் இரண்டு தரப்பும் சேர்ந்து பொதுவாக்கிக்கொண்டார்கள். அதைப் பற்றி அக்கம்பக்கத்துக் கிழவர்கள் பேசும்போது கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் போன புதிதில் எனக்கும் மூச்சு முட்டியது. ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் ஒருவரும் புல்வெட்டும் மெஷினைத் தொட மாட்டார்கள். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. "டச்சுக்காரன் இல்லையென்றால் நீ ஒரு ஆளே இல்லை" என்று ஒரு பழைய சொலவடை உண்டு, டீஷர்ட்டில்கூடப் போட்டிருப்பார்கள். நிறவெறி அறவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கடையில் என் பின்னாலேயே ஒரு ஆள் நடந்துவந்த நாளும் உண்டு.

எங்களுக்குக் கதவு திறந்தது பெண்ணின் டச்சு நடனத்தால். 1927இல் ஒரு உயிரியல் ஆசிரியை, லிடா ரோஜர்ஸ், ஊர் முழுக்க டூலிப் நடலாம் என்று யோசனை சொன்னார். 1928இல் நெதர்லாந்திலிருந்து ஒரு லட்சம் கிழங்கு வரவழைத்து நட்டார்கள். 1929 வசந்தத்தில் பூத்ததைப் பார்க்கக் கூட்டம் வந்தது. அதுதான் இன்றைய மே மாத டூலிப் திருவிழா. அதில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மரச்செருப்புப் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஆடுவார்கள். என் பெண் ஒன்பதாம் வகுப்பில் சேருவேன் என்று நின்றாள்.

உடையில் சமரசமே கிடையாது. நெதர்லாந்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு உடை. பாவாடையின் நீளம், இடுப்பில் கட்டும் ஏப்ரன் துணியின் கோடு, தொப்பியின் மடிப்பு எல்லாவற்றையும் நிற்க வைத்துச் சரிபார்ப்பார்கள். நகப்பூச்சு கூடாது, தோடு கூடாது. தோட்டைக் கழற்றச் சொன்னதும் என் மாமியார் போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டார். மரச்செருப்புக்குள் தடி தடியாகச் சாக்ஸ் மேல் சாக்ஸ் அடுக்கினால்தான் கால் புண்ணாகாது. முதல் வாரம் குதிகால் உரிந்து பிள்ளை அழுதாள், நான் மஞ்சள் பற்றுப் போட்டேன்.

எனக்குத் தொப்பியின் கஞ்சி மடிப்பு வரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். கஞ்சி போட்ட துணி இன்னும் ஈரமாக இருக்கும்போதே விரலால் நீவி மடித்து, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியின் முனையை மட்டும் வைத்து எடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, பின்னல் ஊசிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு பித்தளைச் செம்பைக் காட்டி, "இதில் ஏதோ எழுதியிருக்கிறது, உங்கள் மொழியா பார்" என்றார். நம் வீட்டுப் பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவோமே, அதேபோல "ராணிப்பேட்டை நர்ஸுகள் அன்பளிப்பு" என்று வெட்டியிருந்தது. அவருடைய அத்தை அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். நான் வேலூர்க்காரி. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயமே இல்லை. 1853இல் ஸ்கட்டர் குடும்பத்தார் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் சேர்ந்த அதே டச்சு சீர்திருத்த சபையுடையது. 1900இல் ஐடா ஸ்கட்டர் வேலூரில் ஆரம்பித்த வைத்தியசாலைதான் இன்றைய சி.எம்.சி. ஹாலண்டில் 1866இல் சாசனம் பெற்ற ஹோப் காலேஜில் படித்துவிட்டு ஆற்காடு மிஷனுக்கு வந்தவர்கள் பலர். அந்தக் காலேஜில் 1907இல் கட்டிய ஒரு பழைய செங்கல் கட்டடத்துக்கு ஊரீஸ் ஹால் என்று பெயர். என் அப்பா படித்த வேலூர் ஊரீசு கல்லூரிக்குப் பணம் கொடுத்த அதே நியூஜெர்சி தம்பதி கொடுத்த பணம்தான் அதுவும். ராதாகிருஷ்ணன் படித்த ஊரீசு. அப்பாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தார். உடனே "மிஷனரிகளுக்கு வக்காலத்தா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நான் இங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி ஏடா என்ற ஊரில் இருக்கும் இந்துக் கோயிலுக்குப் போகிறவள்தான். நடந்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். வெளியாள் என்ற நினைப்பை எனக்குக் கொடுத்தது டச்சுக்காரர்கள் அல்ல. சில மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய ஊர்த் தமிழ்ச் சங்கம். பொங்கல் விழாவுக்கு எங்கள் பிள்ளைகள் கும்மி பழகி, பனியில் கார் ஓட்டிக்கொண்டு போய் இறங்கினால், "நேரம் போதவில்லை, உள்ளூர்ப் பிள்ளைகள் முதலில்" என்று மேடை ஏற்றாமல் அனுப்பினார்கள். பட்டுப்பாவாடையோடு பிள்ளைகள் காரில் தூங்கிப்போனார்கள். அதே பிள்ளையை மே மாதம் நடுத்தெருவில், நடு வரிசையில் நிற்க வைத்து ஆட வைத்தது இந்தச் "செட்" ஊர்.

ஊரும் முழுக்க டச்சு இல்லை. ஊறுகாய் வெள்ளரிக்காயும் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கும் பறிக்க டெக்சாஸிலிருந்து வந்த மெக்சிகோ வம்சத்தார் தங்கிவிட்டார்கள். இன்று ஏறக்குறைய கால்வாசிப் பேர் லத்தீன் அமெரிக்க வம்சம். 1975க்குப் பிறகு லாவோஸ், கம்போடிய அகதிகளுக்குச் சர்ச்சுகள் பொறுப்பேற்றுக்கொண்டன. திருவிழாவில் அதிகாரிகள் தெருவைப் பரிசோதித்து "அழுக்கு" என்று அறிவித்ததும் ஊரே வாளியும் துடைப்பமுமாக இறங்கித் தேய்க்கும், நாம் மார்கழியில் வாசல் தெளிக்கிற மாதிரி. அந்தக் கூட்டத்தில் எல்லா நிறமும் உண்டு.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏரிப் பனி கொட்டத்தான் செய்யும். ஆனால் டவுன்டவுனில் நடைபாதைக்கும் தெருவுக்கும் அடியில் குழாய் பதித்து, மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தில் சூடான நீரை ஓட விட்டிருக்கிறார்கள், 1988இலிருந்து. எட்டாவது தெருவில் ஜனவரியிலும் செருப்போடு நடக்கலாம். வீடு அதற்குப் பக்கமாகப் பாருங்கள். மிளகாய்த்தூள், புளி எல்லாம் கிராண்ட் ராப்பிட்ஸில் கிடைக்கும். பெண் அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளி என்றால், நடனத்துக்குப் பெயர் கொடுப்பது எப்போது என்று பள்ளியில் சேர்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள். பயிற்சி பனிக்காலத்திலேயே தொடங்கிவிடும். உடையைப் புதிதாகத் தைக்காமல் பழையது வாங்கிக்கொள்ளுங்கள், முடித்த பிள்ளைகள் விற்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, அளவு சரியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.