டெல்லிய சைக்கிள்ல சுத்திப் பாக்கலாமா? எந்த வழியா போனா நல்லா இருக்கும்?

தாராளமா பாக்கலாம். ஆனா குதுப்மினார், இந்தியா கேட், லோட்டஸ் டெம்பிள்னு லிஸ்ட் போட்டு ஓட்டாதீங்க, அதுக்கு மெட்ரோவே போதும். சைக்கிள் எடுத்தீங்கன்னா பழைய ஆத்தங்கரைய பிடிச்சு ஓட்டுங்க. டெல்லி ஒரு ஆத்தங்கரை ஊருங்கறதே இங்க பல வருஷமா இருக்கற நம்ம ஆளுங்களுக்கே தோணறதில்ல, யமுனைன்னா மெட்ரோ பாலத்து மேல போறப்ப ஜன்னல் வழியா தெரியற கறுப்புத் தண்ணி, அவ்வளவுதான். மேப்ப எடுத்துப் பாருங்க, ஹுமாயூன் சமாதி, புரானா கிலா, ஃபெரோஸ் ஷா கோட்லா, செங்கோட்டை, சலீம்கர்னு பழைய சமாதி, கோட்டை எல்லாம் தெக்க இருந்து வடக்க கிட்டத்தட்ட ஒரே வரிசையா இருக்கும். அதுதான் அந்தக் காலத்துக் கரை. ஆறு கிழக்க தள்ளிப் போயிடுச்சு, கட்டடங்க மட்டும் அதே எடத்துல நிக்குது. கார்ல போனா இது புரியவே புரியாது, சிக்னலும் ஃப்ளைஓவரும்தான் ஞாபகம் இருக்கும்.

நான் இருக்கறது மயூர் விஹார், அதாவது ஜமுனா பார், யமுனைக்கு கிழக்குக் கரை. அதனால என் ரூட்ட சொல்றேன், ஆர்.கே.புரம் கரோல்பாக் பக்கம் இருக்கறவங்க நிஜாமுதீன்ல வந்து சேந்துக்கலாம். காலைல அஞ்சரைக்கு கெளம்பிடணும், ஞாயித்துக்கிழமைன்னா ரொம்ப நல்லது. நிஜாமுதீன் பாலத்துல மீரட் எக்ஸ்பிரஸ்வே போட்டப்ப சைக்கிளுக்குன்னு தனிப் பாதை விட்டிருக்காங்க, அதுல வந்தா சராய் காலே கான், அங்கிருந்து ஹுமாயூன் சமாதி பக்கம்தான். கடைசி முகலாய ராஜா பகதூர் ஷா ஜாஃபர் 1857 செப்டம்பர்ல செங்கோட்டைய விட்டு வந்து தஞ்சம் புகுந்தது இங்கதான், பிரிட்டிஷ் ஆபீசர் ஹாட்சன்கிட்ட சரணடைஞ்சதும் இங்கதான். மறுநாள் அவரோட ரெண்டு பசங்களையும் பேரனையும் ஹாட்சன் சுட்டுக் கொன்ன எடம் கூனி தர்வாஸா, அதையும் இதே ரூட்டுல தாண்டித்தான் போவீங்க, பகதூர் ஷா ஜாஃபர் மார்க்னே பேரு வெச்ச ரோட்டு நடுவுல தனியா நிக்கும்.

மதுரா ரோட்டுல புரானா கிலா வரும், அதோட அகழிக்கு ஒரு காலத்துல யமுனைத் தண்ணிதான் வந்துது. அங்க ரொம்ப நேரம் நிக்க வேண்டாம், ஐடிஓ ஜங்ஷன் தாண்டி ஃபெரோஸ் ஷா கோட்லாங்கற பழைய கோட்டைக்கு போங்க. நெறைய பேர் பக்கத்துல இருக்கற கிரிக்கெட் ஸ்டேடியத்த மட்டும் பாத்துட்டு போயிடுவாங்க, எனக்கு இந்த மொத்த ரூட்டுலயும் ரொம்பப் பிடிச்ச எடம் இதுதான். உள்ள படி படியா இருக்கற ஒரு கட்டடத்து மேல அசோகர் தூண் ஒண்ணு நிக்குது, சுமார் 13 மீட்டர் உயரம், ஒரே கல்லு. பதினாலாம் நூற்றாண்டுல ஃபெரோஸ் ஷா துக்ளக் இத ஹரியானா பக்கம் டோப்ராங்கற ஊர்ல இருந்து கொண்டு வந்தாரு. எப்படி தெரியுமா, தூண் சாயறப்ப உடையாம இருக்க கீழ இலவம்பஞ்ச மலையா குமிச்சு, அது மேல மெதுவா சாச்சு, அப்புறம் நாணலும் தோலும் சுத்தி 42 சக்கர வண்டில ஏத்தி ஆத்தங்கரை வரைக்கும் இழுத்து, அங்கிருந்து பெரிய படகுகள ஒண்ணா கட்டி யமுனை வழியா டெல்லிக்கு. இதையெல்லாம் அந்தக் காலத்துல எழுதி வெச்ச குறிப்பே இருக்கு. இதுல இருக்கற எழுத்த ஃபெரோஸ் ஷா காலத்துல யாராலயும் படிக்க முடியல, 1837ல ஜேம்ஸ் பிரின்செப்ங்கற ஆங்கிலேயர் பிராமிங்கற அந்தப் பழைய எழுத்த முழுசா படிச்சப்ப அவருக்கு உதவின கல்வெட்டுகள்ல இதுவும் ஒண்ணு. மதுரைப் பக்கம் மாங்குளம் குகையில இருக்கற தமிழ் பிராமிய பின்னாடி நம்மாளுங்க படிச்சதுக்கும் அடித்தளம் அதுதான். அதனால தமிழ் ஆளுங்க யாரு டெல்லி வந்தாலும் நான் முதல்ல இங்கதான் கூட்டிட்டுப் போவேன்.

அடுத்து டெல்லி கேட், தரியாகஞ்ச், செங்கோட்டை. கோட்டைய எல்லாரும் லாகூரி கேட் பக்கம் நின்னு போட்டோ எடுப்பாங்க, நீங்க முடிஞ்சா பின்பக்கம் ரிங் ரோட்டுல இருந்து பாருங்க. ஷாஜஹான் அரண்மனைய கட்டினது ஆத்தப் பாத்துதான், இப்ப பஸ்ஸும் காரும் ஓடற எடம் அன்னிக்கு ஆத்து மணல், ஜனங்க அங்க நின்னு மாடத்துல வர்ற ராஜாவ தரிசனம் பண்ணியிருக்காங்க. 1911 முடிசூட்டு தர்பார் சமயத்துல பிரிட்டிஷ் ராஜா ஐந்தாம் ஜார்ஜும் ராணியும் அதே மாடத்துல நின்னு காட்சி குடுத்தாங்க. 2023 ஜூலை வெள்ளத்துல இந்த ரிங் ரோடு முழுக்க முங்கி கோட்டைச் சுவர் வரைக்கும் தண்ணி வந்துது, அப்ப எங்க ஏரியாவுல காதர்ல, அதாவது ஆத்தோர வெள்ள நெலத்துல விவசாயம் பண்றவங்க குடும்பம் குடும்பமா ரோட்டோரம் டென்ட்டுல இருந்தாங்க, அவங்க நெலம பாக்கவே முடியல. ரிங் ரோட்டுல ஓட்டறது ஆபத்து, அதிகாலை தவிர வேற நேரத்துல போகவே போகாதீங்க.

சாந்தினி சௌக் மெயின் ரோட்டுல காலை 9ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் மோட்டார் வண்டி கெடையாது, ஆனா 9க்கு மேல கூட்டம் நெரியும், அதனால ஏழு ஏழரைக்கே ஃபத்தேபுரி மசூதி வரைக்கும் ஒரு ரவுண்ட் போயிட்டு வந்துருங்க. பேட்மி பூரியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுங்க, குளிர் காலம்னா தௌலத் கி சாட் கெடைக்கும், பால் நுரைய அப்படியே தட்டுல வெச்ச மாதிரி இருக்கும், வெயில் ஏறினா கெடைக்காது.

அப்புறம் காஷ்மீரி கேட் பக்கம் வந்து லோஹே கா புல், பழைய இரும்புப் பாலம். 1866ல தொறந்தது, மேல ரயிலுக்கு, கீழ ரோட்டுக்குன்னு ரெண்டு அடுக்கு. வெள்ளம்னா நியூஸ்ல சொல்ற மீட்டர் கணக்கு எல்லாம் இந்தப் பாலத்துல அளக்கறதுதான், அபாய அளவு 205.33, 2023ல 208.66 வரைக்கும் போச்சு. இங்க எறங்கி நின்னு தண்ணியப் பாருங்க, நாத்தம் அடிக்கும்தான். வஜீராபாத்ல குடிக்கற தண்ணிக்கு எடுத்துக்கறாங்க, உடனே கீழ நஜஃப்கர் சாக்கடை வந்து கலக்குது, அப்ப இந்த ஊருக்குள்ள ஓடறது பெரும்பாலும் நம்ம வீட்டுக் கழிவுதான். கஷ்டமா இருந்தாலும் அதையும் பாக்கணும்னு நான் நெனைக்கறேன், கோட்டைய மட்டும் பாத்துட்டு ஆத்த விட்டுட்டுப் போறது சரியில்ல.

பாலம் தாண்டினா புஷ்தா ரோடு, அதாவது ஆத்துக் கரைமேட்டு ரோடு, கீதா காலனி லக்ஷ்மி நகர் வழியா திரும்ப மயூர் விஹார், மொத்தம் இருபத்தஞ்சு முப்பது கிலோமீட்டர் வரும், சாதா சைக்கிளே போதும், கியர் எல்லாம் வேண்டாம், ஊரு சமமாதான் இருக்கு. பிப்ரவரி, மார்ச்தான் சரியான நேரம். தீபாவளி ஒட்டி நவம்பர்ல காத்து மோசம், மூச்சு வாங்க ஓட்டறது ஒடம்புக்கு நல்லதில்ல, ஜனவரில பனிமூட்டம், முன்னாடி வர்ற லாரி தெரியாது. மழைக்காலத்துல தண்ணி ஏறினா இரும்புப் பாலத்த மூடிடுவாங்க, கேட்டுட்டுப் போங்க. செங்கோட்டை உள்ள போற ஐடியா இருந்தா திங்கக்கிழமை வேண்டாம், லீவு. நல்ல பூட்டா ஒண்ணு வெச்சுக்கோங்க.