ஓவர் என்ற சொல் அங்கே எதற்கு? ஆங்கில இலக்கணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆங்கிலக் கதை ஒன்றில் "ஷி இஸ் ஓவர் அட் ஹெர் சிஸ்டர்'ஸ்" என்று படித்தேன். ஓவர், அட் இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டு வருகின்றன? சிஸ்டர்'ஸ் என்றதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. ஏதாவது அச்சில் விட்டுப்போய்விட்டதா? (கல்லூரி மாணவி)

பதில்: எதுவும் விட்டுப்போகவில்லை, மகளே. இயல்பான ஆங்கிலம்தான். மூன்று சொல்லும் மூன்று வேலை செய்கின்றன. நான் வகுப்பில் இதைக் கடைசிச் சொல்லிலிருந்துதான் தொடங்குவேன்.

சிஸ்டர்'ஸ் என்றால் அக்காவுடைய. அக்காவுடைய எது? வீடு. ஒருவருடைய வீட்டையோ, கடையையோ, அவர் தொழில் செய்யும் இடத்தையோ சொல்லும்போது அந்த இடப்பெயரை ஆங்கிலத்தில் விட்டுவிடலாம். த டென்டிஸ்ட்'ஸ் என்றால் பல் மருத்துவர் பார்க்கிற இடம். த பேக்கர்'ஸ் என்றால் ரொட்டிக் கடை. லண்டனில் செயின்ட் பால்'ஸ் என்று சொன்னாலே பேராலயத்தைத்தான் சொல்கிறார்கள் என்று புரியும். ஆனால் கேட்பவருக்குச் சட்டென்று விளங்காத இடமாக இருந்தால் விடக் கூடாது. ஜான்'ஸ் என்று மட்டும் சொன்னால் ஜானுடைய வீடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவருடைய அலுவலகம் என்றால் ஜான்'ஸ் ஆஃபீஸ் என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது அட். வாக்கியத்தைத் தாங்குவது இதுதான். ஓரிடத்தில் இருந்தால் அட், அங்கே போனால் டு, அங்கிருந்து வந்தால் ஃப்ரம். "ஷி இஸ் ஓவர் அட் ஹெர் சிஸ்டர்'ஸ்", "ஷி வென்ட் ஓவர் டு ஹெர் சிஸ்டர்'ஸ்". இதில் "வென்ட் ஓவர் அட்" என்று எழுதுவதுதான் நான் அதிகம் திருத்துகிற பிழை. ஓவர் இருப்பதால் டு வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஓவர் அந்த வேலையைச் செய்யாது. "ஐ ஹேவ் பீன் ஓவர் டு மேரி'ஸ்" என்பதில் டு வருகிறதே என்று கேட்கலாம். அங்கே பீன் என்பதற்குப் போய்விட்டு வந்தேன் என்று பொருள். போக்கு உள்ளே இருக்கிறது, அதனால் டு சரி.

சரி, ஓவர்? அதை எடுத்துப் பாருங்கள்: "ஷி இஸ் அட் ஹெர் சிஸ்டர்'ஸ்." இலக்கணம் அப்படியே நிற்கிறது, செய்தியும் குறையவில்லை. போனது ஒன்றுதான்: பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்ற குறிப்பு. ஓவர் இருந்தால், நான் இங்கே இருக்கிறேன், நடுவில் ஏதோ இடைவெளி இருக்கிறது, அதைக் கடந்தால் அக்கா வீடு என்று ஆகிறது. இடைவெளி ஒரு தெருவாக இருக்கலாம், ஊரின் மறுகோடியாகவும் இருக்கலாம். தமிழில் நாமும் இதைச் செய்கிறோம். "அவ அங்க அக்கா வீட்ல இருக்கா" என்கிறோம். வீட்டில் என்ற பிறகு அங்கே எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஓவர் மட்டுமில்லை, அப், டவுன், அவுட், பேக், ரவுண்ட் எல்லாம் அதே இடத்தில் வரும். ஜான் வீடு மலைச்சரிவின் நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பவர் "டவுன் அட் ஜான்'ஸ்" என்பார், அடிவாரத்தில் இருப்பவர் "அப் அட் ஜான்'ஸ்" என்பார். வீடு ஒன்றுதான். மாறுவது பேசுகிறவர் நிற்கும் இடம். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் வரைபடம் வந்துவிடும்: வடக்கே என்றால் அப், தெற்கே என்றால் டவுன். இங்கிலாந்தில் மதிப்பும் சேர்ந்துகொள்கிறது. அங்கே ரயில் வழக்கில் லண்டனை நோக்கிப் போவது அப். வடக்கே யார்க்கிலிருந்து தெற்கே லண்டனுக்கு வருகிற ரயிலும் அப் ரயில்தான். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படிக்கப் போவது "கோ அப்". அங்கிருந்து நீக்கப்படுவது "சென்ட் டவுன்".

அவுட் என்றால் ஊரின் மையத்தைவிட்டு வெளியே. பேக் என்றால் முன்பு இருந்த இடம். கதைகளில் "பேக் அட் ஜான்'ஸ்" என்று ஒரு பத்தி தொடங்கினால், யாரும் திரும்பிப் போனதாக இருக்க வேண்டியதில்லை. கதைதான் ஜான் வீட்டுக்குத் திரும்புகிறது. ரவுண்ட் பிரிட்டிஷ் வழக்கு. அவர்கள் "ரவுண்ட் அட் மேரி'ஸ்" என்கிற இடத்தில் அமெரிக்கர்கள் ஓவர் போடுவார்கள். பிரிட்டிஷ் பேச்சில் "டவுன் த பப்" என்று நடுவில் உள்ள டு, அட் இரண்டையும் விழுங்குவதும் உண்டு. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத்தாளில் எழுதாதீர்கள்.

இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிற கையேடுகள் மீது எனக்கு வருத்தம் உண்டு. "ஓவர் அட்", "டவுன் டு" என்று நூறு ஜோடிகள் கொடுத்தால் பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். பேசுகிறவர் எங்கே நிற்கிறார், இருப்பா போக்கா, யாருடைய இடம்: இந்த மூன்றையும் கேட்டுக்கொண்டால் வாக்கியம் தானே அமையும்.

கேள்வி: "ஐ வென்ட் பேக் டு ஹோம்" என்று என் மகன் எழுத, ஆசிரியர் டு-வை அடித்துவிட்டார். "பேக் டு மை பிரதர்'ஸ் ஹோம்" என்பதை மட்டும் விட்டுவிட்டார். ஏன்? (ஒரு தந்தை)

பதில்: இரண்டிலும் ஆசிரியர் செய்தது சரி. தனியாக வரும் ஹோம் "வீட்டுக்கு" என்ற பொருளைத் தானே சுமக்கிறது. ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், அப்ராட் எல்லாம் இதே இனம்; போவதைச் சொல்லும்போது டு ஏற்காது. முன்னால் மை, பிரதர்'ஸ் போன்ற உடைமைச் சொல் வந்துவிட்டால் ஹோம் சாதாரணப் பெயர்ச்சொல். அப்போது டு திரும்பி வந்துவிடும்.

கேள்வி: "வி டிரோவ் ஆன் டு மேரி'ஸ்": இதில் ஆன் டு சேர்த்து எழுதுவதா, பிரித்தா? (மெய்ப்புத் திருத்துபவர்)

பதில்: பிரித்து. ஆன் இங்கே "தொடர்ந்து" என்று பொருள் தரும் வினையடை. டு தனியாக மேரி'ஸைச் சேர்ந்தது. சேர்த்துவிட்டால் வண்டி மேரி வீட்டின் மேலேயே ஏறிவிடும். "வென்ட் இன் டு டின்னர்" என்பதற்கும் இதே கணக்கு. சந்தேகம் வந்தால் முதல் சொல்லை எடுத்துவிட்டு வாசியுங்கள். "டிரோவ் டு மேரி'ஸ்" பொருள் கெடாமல் நிற்கிறது. அப்படியானால் பிரித்து எழுதலாம்.

கேள்வி: ஸ்மித் குடும்பத்தார் வீட்டில் என்று எழுத அப்பாஸ்ட்ரஃபி எங்கே வரும்? "ஓவர் அட் மை" என்று சொல்லலாமா? (ஒரு வாசகி)

பதில்: குடும்பம் பன்மை, அதனால் எஸ் போட்டு அதற்குப் பின்னால்: "ஓவர் அட் த ஸ்மித்ஸ்'". "அட் மை" கூடாது. பிரிட்டிஷார் "ஓவர் அட் மைன்", "கம் ரவுண்ட் டு அவர்ஸ்" என்பார்கள். அமெரிக்கர் "மை பிளேஸ்" என்பார்கள். கடைப் பெயர்களை வைத்து விதி கற்றுக்கொள்ள வேண்டாம். வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்த அப்பாஸ்ட்ரஃபியை எடுத்தேவிட்டது.

கேள்வி: "ஓவர் அட்" என்பதில் ஓவர் வினையடையா, முன்னிடைச்சொல்லா (பிரிபொசிஷன்)? அகராதி ஒன்று சொல்கிறது, புதிய இலக்கணம் வேறு சொல்கிறது. (ஆசிரியப் பயிற்சி மாணவர்)

பதில்: தேர்வில் வினையடை என்றே எழுதுங்கள். ஆனால் 2002-இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம், இதைப் பின்னால் பெயர்ச்சொல் துணையில்லாமல் தனித்து வரும் முன்னிடைச்சொல் என்கிறது. 1924-லேயே டென்மார்க் மொழியியலாளர் யெஸ்பர்சன் இந்த வழியில் வாதிட்டிருக்கிறார். எனக்கு இவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ரைட் என்ற சொல்லை முன்னால் வைத்துப் பாருங்கள். "ரைட் அட் த டோர்" சரி, "ரைட் ஓவர் அட் மேரி'ஸ்" அதுவும் சரி. குவிக்லி போன்ற அசல் வினையடைக்கு முன்னால் பொது ஆங்கிலத்தில் ரைட் உட்காராது. அப்புறம், இவை இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலும் வரிசை உண்டு: "பேக் ஓவர் டு மேரி'ஸ்" என்பார்கள், "ஓவர் பேக் டு" என்று சொல்ல மாட்டார்கள்.